நாரைப் பிணைப்பது எது?

மதுரையிலும் அதைச் சுற்றியும் உள்ள கல்லூரிகளில் மாணவர்கள் தங்கள் படைப்புகளை மேசையில் பரப்பி வைக்கும் நாள்களில், வாழைநார்ப் பலகை ஒன்று தவறாமல் இடம்பெற்றுவிடுகிறது. வாழை இல்லாத ஆண்டில் கற்றாழை நார் இருக்கும். அதுவும் இல்லையென்றால் தென்னை நாரோ பனை நாரோ இருக்கும். உள்ளங்கை அகலத்தில் தேன் நிறத்தில் மினுங்கும் அந்தப் பலகையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் விரலால் தட்டிப் பார்க்கிறார்கள், ஒளிக்கு நேரே தூக்கி உள்ளே ஓடும் இழைகளைப் பார்க்கிறார்கள், பாராட்டிவிட்டு நகர்கிறார்கள். பக்கத்தில் அது முழுக்க இயற்கையானது என்றும் மண்ணுக்குத் தீங்கற்றது என்றும் எழுதிய அட்டை நிற்கும். வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் இத்தகைய பலகைகளை நான் நெடுங்காலமாகப் பார்த்துவருகிறேன். மாணவர்களின் உழைப்பில் எனக்கு ஐயம் ஏதும் இல்லை. நாரைப் பிரித்து, உலர்த்தி, அளந்து வெட்டி, இழுவிசையைச் சோதித்து அவர்கள் செய்யும் வேலை மெய்யான வேலை. அந்த அட்டைதான் என் மனத்தில் நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. அந்த மினுமினுப்பு வாழையினுடையது அன்று, நாரைப் பிணைத்துப் பலகையாக இறுக்கும் எபாக்ஸி அல்லது பாலியெஸ்டர் என்ற செயற்கைப் பிசினுடையது. கையால் பூசிச் செய்யப்படும் பலகைகளில் பெரும்பாலும் நாரைவிடப் பிசினே எடையில் மிகுந்திருக்கும்.

எபாக்ஸி ஒருமுறை இறுகிவிட்டால் மீண்டும் உருகாது. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து ஒரே வலையாகிவிடுகின்றன. சூடேற்றினால் அந்த வலை இளகாமல் கருகும். பாலித்தீன் பையையாவது உருக்கி வேறொன்றாக வார்க்கலாம், இதை வார்க்க முடியாது. நார் தனியாகக் கிடந்திருந்தால் ஒரு மழைக்காலத்தில் மண்ணோடு கலந்திருக்கும். இப்போது பிசினுக்குள் அடைபட்டுவிட்டதால் அதற்கும் வழியில்லை. மட்கக்கூடிய ஒன்றை மட்காத ஒன்றுக்குள் வைத்து மூடி, அந்த முழுமைக்கும் மட்கக்கூடியதன் பெயரைச் சூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இத்தகைய கலவைப் பொருள்களே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாழையின் நெருங்கிய உறவான அபாக்கா என்ற செடி பிலிப்பைன்சில் நாருக்காகவே வளர்க்கப்படுகிறது. அதன் நாரைப் பாலிப்புரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்குடன் சேர்த்து 2004ஆம் ஆண்டு வாக்கில் மெர்சிடிஸ் நிறுவனம் ஏ கிளாஸ் காரில் மாற்றுச் சக்கரக் குழியின் மூடிக்குப் பயன்படுத்தியது. சாலையின் கல்லும் நீரும் நேரடியாக மோதும் இடம் அது. கண்ணாடி இழை இருந்த இடத்தில் செடியின் இழை வந்து உட்கார்ந்ததால் எடையும் குறைந்தது, கண்ணாடியை உருக்கும் எரிபொருளும் மிஞ்சியது. பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய காரின் உறுப்பு, பேருந்தின் உட்சுவர், கதவு ஆகியவற்றில் பிசின் இருந்தால் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. மேசைகளில் நான் பார்ப்பவையோ பேனாத் தாங்கி, தட்டு, பரிசுப்பொருள் பெட்டி. ஓராண்டு தாங்கினால் போதும் என்கிற பொருளுக்கு நூறாண்டுப் பிசின் எதற்கு?

தென்கரையில் கேட்ட கேள்வி

சோழவந்தானுக்கு எதிரே வைகையின் மறுகரையில் இருக்கும் தென்கரையில் என் பெரியம்மாவுக்குச் சிறிய தோட்டம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் நாட்டு வாழையும் முப்பட்டையும் நிற்கின்றன, மறுபக்கம் கொடிக்கால். 2023இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்கும் தெரிந்திருக்கும். அந்த வெற்றிலைக்கொடி அகத்தி மரத்தைப் பற்றி ஏறும்போது அதைச் சாண் இடைவெளியில் கட்டுவது வாழைநாரால்தான் என்பது கொடிக்காலுக்குள் போனவர்களுக்கே தெரியும். வாழை மட்டையைக் கிழித்து உலர்த்திய பட்டை அது. நூலோ கம்பியோ இளங்கொடியை அறுத்துவிடும். வாழைநார் இளகிக் கொடுக்கும். கொடி தன் வேர்களால் மரத்தைப் பற்றிக்கொள்ளும் வரை தாங்கிவிட்டுப் பிறகு தானே இற்று உதிர்ந்துவிடும். உதிர்ந்த பட்டைகளைப் பொறுக்க எவரும் கொடிக்காலுக்குள் குனிவதில்லை. எத்தனை நாள் தாங்க வேண்டுமோ அத்தனை நாள் தாங்குவது, பிறகு விழுந்த இடத்திலேயே உரமாவது என்ற இரண்டும் ஒரே பொருளில் அமைந்திருக்கின்றன. இதைவிடச் சிறந்த வடிவமைப்பு ஒன்றை நான் எந்த ஆய்வுக்கூடத்திலும் கண்டதில்லை.

ஒரு கண்காட்சி முடிந்த பிறகு, மாணவர்கள் கொடுத்த பலகை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு அங்கே போயிருந்தேன். நார் கொடுத்தது அந்தத் தோட்டம் என்பதால், அது என்னவாக ஆயிற்று என்று பெரியம்மாவுக்குக் காட்ட விரும்பினேன். அவர் பலகையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார், நகத்தால் கீறிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"நல்லா கெட்டியாத்தான் இருக்கு. இது ஒடஞ்சு போச்சுன்னா எங்கப்பா போடுறது? வாழைக் குழியில போட்டா மக்கிருமா?"

"மக்காது பெரியம்மா."

"மாடு திங்குமா? அடுப்புல வைக்கலாமா?"

"வைக்கக் கூடாது. புகை கெடுதல்."

"அப்ப வாழைய எதுக்குப்பா அதுக்குள்ள போட்டு அடைச்சு வச்சிருக்கீக?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் இருந்தது பொறியியல் விடை: நார் இருப்பதால் பலகையின் வலிமை கூடுகிறது, பிசினின் அளவு குறைகிறது. அதை அவரிடம் சொன்னேன், அவரும் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் கேட்டது அதுவன்று. அந்தத் தோட்டத்தில் ஒரு பொருளை மதிப்பிடும் முறையே வேறு. அங்கே எதுவும் ஒரு வேலையோடு முடிவதில்லை. அடுத்த வேலை என்ன, அதற்கடுத்தது என்ன என்று கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் மண் வர வேண்டும். வாழை இலை பந்திக்கு, பந்தி முடிந்தால் மாட்டுக்கு. தண்டு சமையலுக்கு, மட்டை நாருக்கு, மீதி குழிக்கு. வலிமை எவ்வளவு, எடை எவ்வளவு, விலை எவ்வளவு என்று எங்கள் ஆய்வேடுகளில் கட்டம் போட்டு எழுதுகிறோம். உடைந்த பிறகு எங்கே போகும் என்பதற்கு அதில் கட்டமே கிடையாது. பொருளின் வடிவமைப்பு முடிந்த பிறகு யோசிக்கலாம் என்று விட்டுவைக்கும் கேள்வியை அவர் முதல் கேள்வியாகக் கேட்டார். என் எண்ணம் திரும்பிய இடம் அதுதான். அதற்குப் பிறகு எந்த மேசையின் முன் நின்றாலும், நார் எது என்று நான் கேட்பதில்லை. பிணைப்பது எது என்றே கேட்கிறேன்.

தோட்டத்துக்குச் சேர வேண்டியது

வாழையைப் பற்றிப் பேசும்போது அதன் நீரைப் பற்றியும் பேசியாக வேண்டும். வாழை ஒருமுறைதான் தாறு ஈனும். தாறு வெட்டியதும் தாய்மரத்தைச் சாய்த்துவிட்டுப் பக்கக்கன்றை வளர விடுவார்கள். சாய்த்த மரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர். நூறு கிலோ மரத்திலிருந்து கிடைக்கும் உலர்ந்த நார் ஏறத்தாழ ஒரு கிலோதான். ஆகவே மரத்தை லாரியில் ஏற்றித் தொழிற்சாலைக்குக் கொண்டுபோவது என்பது பெரும்பாலும் தண்ணீரை ஏற்றிக்கொண்டு போவதே. நார் பிரிக்கும் இயந்திரம் வரப்புக்கு வர வேண்டும். அப்படி வந்தால் இன்னொரு நன்மையும் உண்டு: வாழை மண்ணிலிருந்து மிகுதியாக எடுப்பது சாம்பல் சத்து, அதில் பெரும்பங்கு மரத்திலும் இலையிலுமே தங்கியிருக்கிறது. நாரை மட்டும் எடுத்துக்கொண்டு சாற்றையும் சக்கையையும் அங்கேயே விட்டுவிட்டால் அந்தச் சத்து தோட்டத்தை விட்டு வெளியேறாது. முழு மரத்தையும் அள்ளிக்கொண்டு போய்விட்டால் உழவர் அதே சத்தைப் பொட்டாஷ் மூட்டையாகக் கடையில் வாங்க வேண்டியிருக்கும். பொட்டாஷ் நம் நாட்டுக்குக் கப்பலில் வருவது.

வேளாண் மிச்சங்களைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் இந்த இடம் விடுபட்டுப்போகிறது. யாருக்கும் வேண்டாமல் கிடக்கிறது என்று தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் கருதும் பொருளுக்குப் பக்கத்திலேயே ஒரு தேவை இருக்கிறது. மேலூர்ப் பக்கம் பெரியாற்றுப் பாசனத்தில் அறுவடை முடிந்த கையோடு வைக்கோலை இயந்திரம் உருட்டிக் கட்டிப் போட, லாரிகள் வந்து நிற்கின்றன. அது கால்நடைக்குப் போகிறது. கரும்புச் சக்கையின் கதை இன்னும் தெளிவானது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984இல் உற்பத்தியைத் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் மரத்துக்குப் பதிலாகச் சக்கையிலிருந்து காகிதம் செய்ய முனைந்தபோது, சக்கை எங்கும் சும்மா கிடக்கவில்லை. சர்க்கரை ஆலைகள் அதைத் தங்கள் கொதிகலன்களில் எரித்து நீராவி எடுத்துக்கொண்டிருந்தன. ஆலைகளுக்கு வேறு எரிபொருளுக்கு வழி செய்துகொடுத்து, அதற்கு ஈடாகத்தான் சக்கையைப் பெற முடிந்தது. காகிதம் செய்யும் நுட்பத்துக்கு இணையாக இந்தப் பண்டமாற்றும் அந்த முயற்சியின் அடித்தளம். சக்கையில் ஏதேனும் செய்யப் புறப்படும் மாணவர், அது இப்போது யாருடைய அடுப்பில் எரிகிறது என்று முதலில் விசாரித்துவிட்டு வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பசையின்றிப் பிணைத்தல்

பெரியம்மாவின் கேள்வியை மாணவர்களிடம் கொண்டுபோனபோது அவர்கள் உடனே சொன்ன மாற்று, மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் பிஎல்ஏ என்னும் மக்கும் பிளாஸ்டிக். அது செடியிலிருந்து வருவது உண்மை. ஆனால் அது மட்குமா என்று பார்க்கும் தரச்சோதனை ஏறத்தாழ 58 பாகை செல்சியசில் வைத்திருக்கும் உரக்கூடத்தை மனத்தில் கொண்டது. தென்கரையின் வாழைக் குழி அவ்வளவு சூடாவதில்லை; அங்கே அது ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பெரியம்மாவின் தேர்வில் அதுவும் தேறவில்லை.

பசையே இல்லாமல் பிணைக்கும் வழிகள் நம் கண் முன்னாலேயே இருக்கின்றன. முதலாவது முறுக்கு. மேலக்கால் கிராமத்தைச் சேர்ந்த பி. எம். முருகேசன், உலர்ந்த வாழை மட்டையைத் திரித்துக் கயிறாக்கும் இயந்திரத்தைச் சைக்கிள் சக்கரத்தை மாற்றியமைத்து உருவாக்கினார். 2021இல் பிரதமரின் வானொலி உரையில் அவர் பெயர் இடம்பெற்ற பிறகு அவருடைய முயற்சி நாடு முழுவதும் தெரியவந்தது. அந்தக் கயிற்றைக் கூடையாகவும் பையாகவும் பின்னுகிறார்கள். கயிற்றில் ஒரு சொட்டுப் பசை இல்லை. இழைகள் ஒன்றையொன்று அழுத்திக்கொள்ளும் உராய்வே அதைப் பிடித்து நிறுத்துகிறது. இழுக்க இழுக்கப் பிடி இறுகுகிறது. கூடை கிழிந்தால் குழியில் போடலாம். பொருளறிவியல் பாடம் நடத்துகிற நாங்கள் இதைக் கைத்தொழில் என்று ஒரு தட்டிலும் கலவைப் பொருளை ஆராய்ச்சி என்று இன்னொரு தட்டிலும் வைத்துவிட்டோம். எனக்கு அந்தப் பிரிவினை ஏற்புடையதாக இல்லை.

இரண்டாவது, செடிக்குள்ளேயே இருக்கும் லிக்னின். செல்லுலோஸ் இழைகளை ஒட்டிப் பிடித்துச் செடியை நிமிர்ந்து நிற்கவைப்பது அதுதான். சூட்டிலும் ஈரத்திலும் இளகி, குளிர்ந்ததும் இறுகும். திருமண மண்டபங்களில் நாம் சாப்பிடும் பாக்கு மட்டைத் தட்டு நீரில் ஊறிச் சூடான அச்சில் அழுந்திச் செய்யப்படுவது. 2019 சனவரி முதல் நாள் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த பிறகு அது பெருகியது. அமெரிக்காவில் வில்லியம் மேசன் 1924இல் மரச்சில்லுகளை நீராவி அழுத்தத்தில் வெடிக்கவைத்து இழையாக்கி, வெளியிலிருந்து பசை சேர்க்காமல் கடினப் பலகை செய்தார். நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வு மையத்தில் யான் வான் தாம் குழுவினர் தேங்காய் மட்டையை நாரும் துகளும் பிரிக்காமல் முழுதாக அரைத்து, சூடான அழுத்தத்தில் பலகையாக்கி, 2004இல் அதை விரிவாக எழுதினார்கள். மட்டையின் துகளில் உள்ள லிக்னினே அங்கே பசையாகிறது. நம் வீடுகளில் உள்ள துகள்பலகைகளை ஒட்டிப் பிடிப்பது பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின். அதிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதே 2004இல் வகைப்படுத்தியது. வாடிப்பட்டிப் பக்கம் தேங்காய் மட்டை உண்டு, மதுரைத் தெருமுனைகளில் கோடை முழுவதும் இளநீர் மட்டை குவிந்து மழைநீர் தேங்கிக் கொசு வளர்க்கிறது. ஆனாலும் இளநீர் மட்டை முழுக்க ஈரம். அதை உலர்த்த விறகு எரித்தால் கணக்கு நேராகாது. சித்திரை வெயிலில் உலர்த்தலாம், அதற்கு இடம் வேண்டும்.

மூன்றாவது வழிதான் இப்போது எங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மதுரை மாவட்டத்தில் வீட்டுக் கொட்டகையில் சிப்பிக் காளான் வளர்ப்பவர்கள் பலர். வேகவைத்து ஆறிய வைக்கோலைப் பையில் அடைத்து இடையிடையே காளான் வித்தைத் தூவினால், சில வாரங்களில் வெண்மையான இழைகள் வைக்கோல் முழுவதும் ஊடுருவிப் படுக்கை ஒரே கட்டியாகிவிடும். பையைக் கிழித்தாலும் அது உதிராது. காளான் வளர்ப்பவர்களுக்கு இது அன்றாடக் காட்சி. அறுவடை முடிந்ததும் கட்டியை உடைத்து எருக்குழியில் போட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் 2007இல் ஈபன் பேயரும் கேவின் மெக்கின்டயரும் தொடங்கிய ஈகோவேட்டிவ் நிறுவனம் இதே இயல்பைக் கொண்டுதான் தெர்மாகோலுக்கு மாற்றான பொதி உறைகளை அச்சில் வளர்த்தெடுத்தது: வேண்டிய வடிவத்தில் வளரவிட்டு, காளான் பூக்கும் முன்பே சூட்டில் உலர்த்தி வளர்ச்சியை நிறுத்துகிறார்கள். கேரளத்தில் மலாய் என்ற நிறுவனம் வீணாகும் தேங்காய் நீரில் பாக்டீரியாவை வளர்த்து, அது நெய்யும் செல்லுலோஸ் படலத்தோடு வாழைநார் போன்ற இழைகளைச் சேர்த்துத் தோல் போன்ற பொருளைச் செய்கிறது. இரண்டிலும் பிணைப்பைச் செய்வது உயிர். அந்தப் பிணைப்பைப் பிரிக்கத் தெரிந்த உயிர்களும் மண்ணில் இருக்கின்றன.

மல்லிகைப் பெட்டி

எந்தப் பொருளுக்கு எவ்வளவு ஆயுள் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தபோது மாட்டுத்தாவணிப் பூச்சந்தை கண்ணில் பட்டது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி மொட்டாகப் பறிக்கப்பட்டு, மாலைக்குள் மலர்ந்து, மறுநாள் வாடிவிடும். வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பும் மொட்டுகளைத் தெர்மாகோல் பெட்டிக்குள் குளிர்க்கட்டியோடு அடைக்கிறார்கள். உள்ளிருக்கும் பூவின் ஆயுள் இரண்டு நாள். பெட்டி போய்ச் சேர்ந்த ஊரில் எந்த மண்ணிலும் கரையாமல் தலைமுறைகள் கடந்து கிடக்கும். உடைந்தால் வெண்மணிகளாகச் சிதறிச் சாக்கடையை அடைக்கும். இரண்டு நாள் தாங்கும் பெட்டி ஒன்றை வைக்கோலில் வளர்க்க முடியுமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். காற்றறைகள் நிறைந்த காளான் இழைப் பலகை வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பது நமக்குச் சாதகம். குளிர்க்கட்டி வியர்க்கும்போது பலகை நீரை உறிஞ்சி ஊறுவது பாதகம். நீர் ஏறாமல் இருக்கப் பிளாஸ்டிக் படலம் ஒட்டினால் மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம் என்பதால் அதை முதலிலேயே விலக்கிவிட்டோம். தேன்மெழுகு, வாழை இலை உள்விரிப்பு என்ற இரண்டும் பட்டியலில் இருக்கின்றன. வாழை இலையைச் சொன்னவர் ஒரு பூ வியாபாரி. பூவை ஈரத்தோடு இலையில் பொதிவது அவர்களுக்குப் பழக்கம்.

விலை பெரிய தடை. தெர்மாகோல் பெட்டி மலிவு, எடை மிகக் குறைவு, விமானத்தில் எடைக்குத்தான் கட்டணம். வைக்கோலுக்கு மாடு போட்டிக்கு நிற்கிறது. அதனால் மாடு தின்னாத உலர்ந்த வாழைச் சருகையும் கடலைத் தோலையும் கலந்து பார்க்க வேண்டும். சிப்பிக் காளான் மிதமான குளிர்ச்சியை விரும்புவது, மல்லிகை வரத்து உச்சத்துக்குப் போவதோ கோடையில். ஆகவே பலகைகளை மார்கழி, தை மாதங்களில் வளர்த்து உலர்த்தி அடுக்கி வைத்தாக வேண்டும். அடுக்கி வைத்தவை ஆடி வரை பூச்சி அரிக்காமல் இருக்கின்றனவா என்பதும் தெரிய வேண்டும். ஒத்த கனமுள்ள தெர்மாகோல் பெட்டியிலும் வைக்கோல் பெட்டியிலும் ஒரே அளவு மொட்டும் ஒரே எடைக் குளிர்க்கட்டியும் வைத்து, மணிக்கொரு முறை உள்வெப்பத்தைக் குறிப்பதென்று பேசி முடித்திருக்கிறோம். அளவீடு முடிந்ததும் அந்தப் பெட்டிகளைப் போடுவதற்குப் பெரியம்மா கொடிக்காலை ஒட்டி ஒரு குழியை ஒதுக்கித் தந்திருக்கிறார், எது எப்போது மட்கியது என்று தாமே பார்த்துச் சொல்வதாகவும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.